யாருக்கும் உறவில்லாத நடுவர்

1957 ஜனவரி 15, செவ்வாய்

இருமல் மருந்து ஒன்பது பாட்டில். குதிரைக் காலுக்குத் தேய்க்கும் தைலம் பதினான்கு. கில்மோராவில் மனிதர்களைவிடக் குதிரைகளுக்குத்தான் அடிக்கடி சுளுக்குகிறது.

லீட்ரிமிலிருந்து அண்ணன் கீரன் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி ஒரு மருந்துக்கடை விலைக்கு வருகிறதாம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: ‘அந்தக் கார்க் சீமையில் உனக்கென்று யார்தான் இருக்கிறார்கள், மாலக்கி?’

யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷம். இந்த ஊரில் யார் யாருக்கு மூலம், யார் யாருக்கு வாயுத் தொல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. யார் வீட்டுக் கூடத்தில் எத்தனை நாற்காலி என்று கேட்டால் தெரியாது. ஒருவர்கூட உள்ளே கூப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று பழக்கேக் வந்தன. மூன்றிலும் ‘மருந்துக்கடை’ என்றுதான் எழுதியிருந்தது.

ஜனவரி 22, செவ்வாய்

கான் ஷீஹி கடைக்கு வந்தார். ஊரில் சாராயக்கடையும் சவப்பெட்டிக் கடையும் அவருடையதுதான், இரண்டுக்கும் ஒரே வாசல். குதிரைப் பந்தயச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷத்தில் என் முன்னால் அவர் தொப்பி கழற்றியது இதுவே முதல் தடவை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“மருந்துக்காரரே, இந்த வருஷம் நம்ம தடைதாண்டிப் பந்தயத்துக்கு நீங்கதான் நடுவரா இருக்கணும்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ‘ஏன் நான்?’ என்று கேட்கத் தோன்றியது.

“வேற ஆளே இல்லையே! இந்தக் கோயில் பங்குல யாரத் தொட்டாலும் ஒண்ணு லினஹானுக்குச் சொந்தம், இல்லாட்டி காட்டருக்குச் சொந்தம். முப்பத்தொண்ணாம் வருஷம் லினஹானோட மாமா நடுவரா நின்னு, மூக்கு வித்தியாசத்துல லினஹான் குதிரை ஜெயிச்சுதுன்னாரு. அன்னைலேருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. நீங்க ஒருத்தர்தான் இந்த ஊர்ல யாருக்கும் யாருமில்லாதவரு.”

பாராட்டு மாதிரிதான் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். கதவைச் சாத்திய பிறகுதான் சுருக்கென்றது.

பிப்ரவரி 3, ஞாயிறு

பூசை முடிந்து ஷீஹி என்னைத் திடலைச் சுற்றிக் காட்டினார். கர்னல் பெவனின் நிலம். மூன்று மைல் ஓட்டம், பதினாறு தடைகள். சிலது புதர்வேலி, சிலது மண்கரை, சிலதில் கரைக்கு அந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். தாண்டும்போது குதிரைக்கு அது தெரியாது. தெரியும்போது குதிரை அதற்குள் இருக்கும்.

நான் நடுவர் என்பதால் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். சிவப்புக் கொடி வலப்பக்கம் வர வேண்டும், வெள்ளைக் கொடி இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவே போகாத குதிரை எவ்வளவு வேகமாக வந்தாலும் கணக்கில் இல்லை. எல்லோரும் ஒரே எடை சுமக்க வேண்டும். ஒல்லியான ஜாக்கி என்றால் சேணத்தில் ஈயத்தகடு வைப்பார்கள். ஓடி முடித்ததும் மறுபடி எடை போடுவார்கள், குறைந்தால் வெற்றி போச்சு. குதிரையை வேறு யாராவது தொட்டாலும் போச்சு.

“ஆளு விழுந்துட்டா?”

“எந்திரிச்சு ஏறிக்க வேண்டியதுதான்.”

“குதிரை விழுந்துட்டா?”

“அதும் எந்திரிக்கட்டும்.”

“ஆளில்லாம குதிரை மட்டும் முதல்ல வந்தா?”

“கைதட்டுவோம். அதுக்கு மேல ஒண்ணுமில்ல.”

“விழுந்து, எழுந்து, மறுநாள் காலைல ஒருத்தன் வந்து சேர்ந்தா?”

ஷீஹி இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். “மத்தவனெல்லாம் படுத்துக் கிடந்தா, அவன்தான் ஜெயிச்சவன். நீங்க அதுவரைக்கும் உங்க இடத்த விட்டு நகரக் கூடாது.”

இந்த விளையாட்டு இங்கே பக்கத்தில்தான் பிறந்தது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. இருநூறு வருஷத்துக்கு முன் இரண்டு கனவான்கள் புட்டவன்ட் கோயில் கோபுரத்திலிருந்து டோனரெயில் கோபுரம் வரை, நடுவில் வேலி வந்தாலும் ஆறு வந்தாலும் நேர்கோட்டில் குதிரையை விட்டார்களாம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். “அது யாருக்கும் தெரியாது. நடுவர் வைக்கல பாருங்க!” என்றார்.

வெற்றிக் கம்பத்துக்கு எதிரே ஒரு வைக்கோல் வண்டி நிறுத்துவார்கள். அதுதான் என் பீடம். அதற்கு நேர் பின்னால், திடலின் எல்லைக்கு ஓரடி வெளியே, ஓர் உயரமான வரப்பு. மேலே புல் தேய்ந்து வழுக்கையாகக் கிடக்கிறது. பங்குத்தந்தை ஹார்ட்னெட் நிற்கிற இடமாம். குருமார்கள் பந்தயத்திடலுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆயரின் கண்டிப்பான சட்டம். வரப்பைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

இரண்டு குதிரைகளையும் பார்த்துவிட்டேன். பாட் லினஹானுடையது ‘பொறுமை’ என்ற பழுப்புப் பெட்டை. கன்னியர் மடத்துப் பண்ணையில் காய்கறி வண்டி இழுத்தது. மதர் சுப்பீரியரை வண்டியோடு தூக்கிக்கொண்டு வேலி தாண்டிய அன்று அதை லினஹானிடம் விற்றுவிட்டார்கள். காட்டர் அம்மாளுடையது ‘நாளைக்கு’ என்ற கறுப்பு ஆண்குதிரை. அதன் முகத்தைப் பார்த்தால் பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மார்ச் 6, விபூதிப் புதன்

தவக்காலத்துக்குச் சர்க்கரையை விட்டேன். தேநீர் கஷாயமாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

நடுவர் ஆனால் நாலு பேர் பழகுவார்கள் என்று நினைத்த என்னை என்ன சொல்ல. நிலைமை தலைகீழ். லினஹான் குடும்பத்தார் என்னிடம் வணக்கம் சொன்னால் அது சலுகை கேட்பதாகிவிடுமாம். காட்டர் குடும்பத்தாருக்கும் அதே பயம். ஆகவே பாதி ஊர் இந்தப் பக்கம் திரும்பிப் போகிறது, மீதி ஊர் அந்தப் பக்கம். கோயிலில் என் வரிசையில் நான் ஒருவன்தான். இரண்டு வீட்டு மருந்தையும் ஷீஹி வந்து வாங்கிப்போகிறார். லினஹான் நேற்று கடை வாசலைத் தாண்டும்போது இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, தபாலாபீஸ் தாண்டிப் போய் இருமினார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு முன்னாலாவது இருமினார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். வருகிறேன், கடையைப் பேசி முடித்துவிடுங்கள் என்று. உறையை ஒட்டி, முத்திரையும் ஒட்டி, கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். பந்தயம் முடிந்ததும் தபாலில் போட வேண்டும். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் போனான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

யார் சொல்லப்போகிறார்கள்? அது வேறு விஷயம்.

மார்ச் 28, வியாழன்

இன்று பந்தயம். நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

முதல் நான்கு பந்தயங்கள் சுமுகம். இரண்டு தோள்பட்டை, ஒரு முன்பல், அவ்வளவுதான். கடைசிப் பந்தயம்தான் கோப்பைக்கு. ஒன்பது குதிரைகள். ஐந்து மணி தாண்டித்தான் தொடக்கக் கொடி விழுந்தது.

முதல் வேலியிலேயே இரண்டு ஒன்றோடொன்று மோதின. இரட்டை மண்கரையில் மூன்று உட்கார்ந்துவிட்டன. ஒன்று வெள்ளைக் கொடிக்குத் தப்பான பக்கம் போயிற்று. ஒன்றுக்கு எட்டாவது தடையின் மேலிருந்து தன் வீடு தெரிந்துவிட்டது, அது வீட்டுக்கே போய்விட்டது. மிச்சம் லினஹானின் மகன் ஏறிய ‘பொறுமை’, காட்டர் அம்மாளின் தங்கை மகன் ஏறிய ‘நாளைக்கு’. பதினான்காவது தடையில் ‘நாளைக்கு’ பள்ளத்துக்குள் இறங்கியது. ஆள் ஒரு கரையில் ஏறினான், குதிரை மறு கரையில் ஏறி, பக்கத்து ஊரைப் பார்த்து நடந்தது. அவன் பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு பின்னாலேயே ஓடினான்.

ஆகவே ‘பொறுமை’ தன்னந்தனியாக வந்தது. கடைசி வேலியை அழகாகத் தாண்டியது. லினஹான் கூட்டம் தொப்பிகளை வானத்தில் எறிந்தது. வெற்றிக் கம்பத்துக்கு ஐந்து கஜம் முன்னால் பெட்டை நின்றது.

சும்மா நின்றது. மூச்சு வாங்கவில்லை, நொண்டவில்லை. வேலை முடிந்த மாதிரி நின்றது.

பையன் உதைத்தான், கெஞ்சினான், காதில் ஏதோ சொன்னான். பாட் லினஹான் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். நான் வண்டி மேலிருந்து கத்தினேன்: “தொடாதீங்க! தொட்டா போச்சு!”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷீஹியிடம் கேட்டார்: “தொடாம திட்டலாமா?”

ஷீஹி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். திட்டுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. லினஹான் திட்டினார். பெட்டையை, அதன் தாயை, அதை வளர்த்த கன்னியரை — அங்கே மட்டும் நிறுத்தி, சிலுவைக்குறி போட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொடங்கினார். பிறகு கொஞ்சினார். பிறகு பாடினார்.

“நல்லா நிக்குது. பேருக்கேத்த குதிரை” என்றார் காட்டர் அம்மாள். கையில் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் லினஹானுக்குக் கேட்கும்படி அவர் சொன்ன முதல் பேச்சு. ஆனால் அதைக் குதிரையிடம்தான் சொன்னார்.

இப்படியே நாற்பது நிமிஷம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு வலது கால் மரத்துவிட்டது. கண்ணில் காற்றடித்து நீர் வழிந்தது. ‘நடுவர் அழறாருய்யா!’ என்று யாரோ சொன்னார்கள். நான் கம்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த ஊரில் நான் செய்யப்போகிற கடைசிக் காரியம் இது, இதையாவது சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற வைராக்கியம். அப்போது தூரத்தில் ஒரு சத்தம். தங்கை மகன் ‘நாளைக்கு’ மேல் ஏறி வந்துகொண்டிருந்தான்! உடம்பெல்லாம் சேறு. பதினைந்தாவது தடையைத் தாண்டினார்கள். பதினாறாவதைத் தாண்டினார்கள் என்பதைவிட அதன் வழியாக வந்தார்கள் என்று சொல்லலாம். காட்டர் அம்மாள் கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டார். ‘நாளைக்கு’ நடந்து நடந்து நெருங்கியது. முப்பது கஜம். இருபது. பத்து.

அந்த நேரத்தில் கோயில் மணி அடித்தது. ஆறு மணி. மூவேளை செபம்.

திடலில் இருந்த அத்தனை தொப்பிகளும் இறங்கின. அத்தனை தலைகளும் குனிந்தன. அத்தனை கண்களும் மூடின. என்னுடையதும்தான். நான் யோசித்து மூடவில்லை. அம்மா ஐந்து வயதில் பழக்கியது. மணி கேட்டால் என் கண் என்னைக் கேட்காமலே மூடிக்கொள்ளும். செபத்தில் மூன்று முறை வரும் ‘அருள் நிறைந்த மரியே’யில் மூன்றாவதன் பாதியில்தான் ‘அடப்பாவி, நான் நடுவராச்சே’ என்று உறைத்தது. கண்ணைத் திறந்தேன்.

கம்பத்துக்கு ஐந்து கஜம் முன்னால் இப்போது குதிரை இல்லை. இரண்டு குதிரைகளும் கம்பத்தைத் தாண்டி, தேநீர்க்காரியின் வண்டிக்குள் தலையை விட்டு, அவள் சோடா ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தன. முதுகில் இரண்டு பையன்களும் தொப்பியை மார்பில் வைத்து, கண்ணை இறுக மூடி, உதடு அசைய உட்கார்ந்திருந்தார்கள்.

செபம் முடிந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். குதிரைகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.



ஷீஹி மெல்லப் பையன்களிடம் கேட்டார்: “யாருடா முதல்ல?”

“நான் ரெண்டாவது மரியேல இருந்தேன், எனக்கெப்படித் தெரியும்?” என்றான் ஒருவன். “நானும்” என்றான் மற்றவன்.

சட்டென்று எல்லோருக்கும் ஒரே யோசனை. அத்தனை பேரும் கர்னல் பெவனைத் திரும்பிப் பார்த்தார்கள். திடலிலேயே ஒரே புராட்டஸ்டன்ட் அவர்தான். மூவேளை செபம் சொல்லாத ஒரே மனிதர்.

கர்னல் சிவந்துபோனார். “நானா? நீங்க செபம் பண்ணும்போது ஓட்டத்தப் பாத்துட்டு நிக்கிறது மரியாதை இல்லையேன்னு, நான் எப்பவும் திரும்பி நின்னுக்குவேன். முப்பது வருஷமா அப்படித்தான்.”

மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

‘பார்க்கவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பார்க்கவில்லை என்றால் பந்தயம் செல்லாது, இன்னும் இருபத்தாறு வருஷம் பேச்சு கிடையாது. ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் — வாய் தானாகத் திறந்தது.

“சமம்!” என்றேன்.

“அதெப்படி சமம்?” லினஹான் பாய்ந்து வந்தார். “நான் பாத்—”

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. “என்ன பாத்தீங்க? மணியடிக்கும்போது கண்ணத் திறந்து வச்சிருந்தீங்களோ?”

லினஹான் வாய் மூடியது. காட்டர் அம்மாளும் எதற்கோ வாயைத் திறந்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு, நூல்கண்டைக் குனிந்து எடுத்தார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஆட்சேபணை இருந்தது. ஒருவரும் வாய் திறக்க முடியவில்லை.

தீர்ப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ஷீஹி கை நீட்டினார். பையில் கிடைத்த காகிதத்தில் ‘பொறுமை, நாளைக்கு — சமம். மா. மல்வே’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வண்டியிலிருந்து இறங்கும்போது பின்னால் பார்த்தேன். வரப்பின் மேல் ஃபாதர் ஹார்ட்னெட். தொலைநோக்கி அவர் கண்ணிலேயே இருந்தது. எடுக்க மறந்திருந்தார்.

மார்ச் 29, வெள்ளி

கடிதத்தைக் காணோம். தீர்ப்பு எழுதியது அதன் முதுகில்தான்.

மார்ச் 30, சனி

பாவசங்கீர்த்தனம், ஃபாதர் ஹார்ட்னெட்டிடமே. வேறு பங்குக்குப் போயிருக்கலாம், ஆனால் மழை.

“ஃபாதர், பார்க்காத ஒண்ணப் பார்த்த மாதிரி சொல்லிட்டேன். மூவாயிரம் பேர் முன்னால.”

கூண்டுச் சல்லடைக்கு அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. “கழுத்து வித்தியாசம்” என்றார்.

“எது கழுத்து வித்தியாசம், ஃபாதர்?”

“எது?”

“கழுத்து வித்தியாசம்னு சொன்னீங்களே. எந்தக் குதிரை?”

“எந்தக் குதிரையா? நான் அங்க இல்லையே, மகனே.”

“வரப்பு மேல...”

“வரப்பு மேல காத்து வாங்கிட்டு இருந்தேன். மணியடிச்சப்போ செபத்துல இருந்தேன். இருந்திருக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மல்வே, நீ நாளைக்குப் பக்கத்துப் பங்குச் சாமியாரக் கூப்பிட்டு வா. உனக்கு நான் மன்னிப்பு கொடுக்கிறேன். எனக்கு யாராவது கொடுக்கணும்.”

பரிகாரமாகப் பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு.

ஏப்ரல் 4, வியாழன்

பெட்டை ஏன் நகர்ந்தது என்று தெரிந்துவிட்டது. சுளுக்குத் தைலம் வாங்க வந்த மடத்துச் சகோதரி சொன்னார். அங்கே மூன்று வேளை மணிக்கும் அதற்கு ஓட்ஸ் வைப்பார்களாம். மணி கேட்டால் எந்தத் தீனி கண்ணில் படுகிறதோ அதை நோக்கி ஓடும். நாற்பது நிமிஷம் திட்டு, கெஞ்சல், பாட்டு எல்லாம் வீண். ஒரு மணியைக் கட்டித் தூக்கி வந்திருந்தால் போதும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கடைக்கு வந்த ஷீஹியிடம் கடிதத்தைக் கேட்டேன்.

“தர முடியாதே! முத்திரை ஒட்டியிருக்கறது வாஸ்தவம்தான். ஆனா அது இப்ப சங்கத்தோட ஆவணம். மேல்முறையீடு முடியற வரைக்கும் பெட்டியிலதான் இருக்கணும்.”

“எத்தன நாள் ஆகும்?”

“முப்பத்தொண்ணாம் வருஷத்து மேல்முறையீடே இன்னும் முடியல.”

போகும்போது வாசலில் நின்றார். உறைக்கு முன்பக்கம் ஒன்று இருக்கிறதே, அதில் விலாசம் இருக்கிறதே. “லீட்ரிம்ல கடை நல்ல கடையா?” என்று கேட்டார். விலாசத்தில் கடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒட்டிய உறையை அவர் பிரித்தாரா, நீராவியில் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு

வயிற்றுக்குள் ஆட்டுக்குட்டி ஒன்றல்ல, இரண்டு.

பூசை முடிந்து வெளியே வந்தேன். லினஹான் மறித்தார். “யோவ் மருந்துக்காரரே, ஒரு மணிக்கு எங்க வீட்டுல சாப்பாடு. வரலேன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்.” பத்தடி நடந்தேன். காட்டர் அம்மாள். “மிஸ்டர் மல்வே, அவங்க வீட்டுக்கு மட்டும் போனா நல்லா இருக்காது. நீங்க சமம்னு சொன்னவரு. மூணு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்க.”

சமம் என்று சொன்னவன் சமமாகச் சாப்பிட வேண்டும். லினஹான் வீட்டில் இரண்டு தட்டு போட்டுக்கொண்டேன் என்ற சேதி நான் நடந்து போய்ச் சேருவதற்குள் காட்டர் வீட்டுக்கு எட்டியிருந்தது. அங்கேயும் இரண்டு தட்டு.

யாரும் லீட்ரிமைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் லினஹானின் மனைவி இறைச்சியை வைத்துக்கொண்டே, “அங்கல்லாம் மண்ணு ஈரம் ஜாஸ்தியாமே, முட்டி வலி வருமாமே?” என்றார். இரண்டு மணி நேரம் கழித்துக் காட்டர் அம்மாளும் அதையே கேட்டார்.

லினஹான் வீட்டில் பதினொரு நாற்காலி. காட்டர் வீட்டில் ஆறு, ஒன்றுக்குக் கால் ஆடுகிறது.

ஏப்ரல் 29, திங்கள்

இன்னொரு கடிதம் எழுத ஐந்து நிமிஷம் போதும். ஒரு வாரமாக அந்த ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. இன்று எழுதினேன்: ‘அண்ணே, வர முடியாது. நான் எழுதிய கடிதம் இங்கே மேல்முறையீட்டில் இருக்கிறது.’ அவருக்குப் புரியாது. போகட்டும்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, காற்றும் அடித்தது.

செப்டம்பர் 28, சனி

கோப்பை கைமாறும் நாள். ஒரே கோப்பை, ஆறு மாதம் லினஹான் வீடு, ஆறு மாதம் காட்டர் வீடு. ஒருவர் வாசலை இன்னொருவர் மிதிக்க மாட்டார் என்பதால் என் கடையில் வைத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. பத்து மணிக்கு லினஹான் கோப்பையோடு ஒரு பக்கம், காட்டர் அம்மாள் பையோடு மறுபக்கம், நடுவில் நானும் இருமல் மருந்தும்.

காட்டர் அம்மாள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கீறல் விழுந்திருக்கு.”

“அது முப்பத்தொண்ணுலயே இருந்துச்சு” என்றார் லினஹான்.

“இல்லவே இல்ல.”

“இருந்துச்சுங்கறேன்!”

முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். இருபத்தாறு வருஷப் பாக்கி. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி சண்டை போட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

லினஹானின் ஒன்பதாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் காட்டர் அம்மாள். ஞானத்தந்தை நான். லினஹானின் மனைவி யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டார். “வேற யாரக் கூப்பிட்டாலும் சண்டை வரும். இவங்களக் கூப்பிட்டாலும் வரும். ஆனா இது நம்ம சண்டை” என்றாராம். பிள்ளைக்கு மாலக்கி என்று பெயர். தண்ணீர் ஊற்றியபோது அவன் கத்திய கத்தலில் ஃபாதர் ஹார்ட்னெட் பின்வாங்கினார். எனக்குத் தாங்க முடியாத பெருமை.

1958 ஜனவரி 21, செவ்வாய்

ஷீஹி வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது.

“மருந்துக்காரரே, மன்னிக்கணும். இந்த வருஷம் உங்களுக்கு நடுவர் வேலை இல்ல. சங்கத்துல ஏகமனதா முடிவு. நீங்க லினஹானுக்குச் சம்பந்தி மாதிரி, காட்டருக்கும் கூட்டாளி. உங்க பேச்ச எவன் நம்புவான்? டோனகல்லேருந்து புதுசா ஒரு போலீஸ் சார்ஜென்ட் வந்திருக்காரு. பாவம், யாருக்கும் யாருமில்ல.”

மார்ச் 27, வியாழன்

சார்ஜென்ட் கேலனை வைக்கோல் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆறு மணிக்குள் எப்படியாவது பந்தயத்தை முடித்துவிடும்படி சொன்னேன். வேறென்ன சொல்வது? நல்ல மனிதர். தனியாகச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது, மேல்பொத்தானில் முட்டை ஒட்டியிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஞாயிறு கூப்பிட வேண்டும். கூப்பிடலாமா? பந்தயம் முடிந்தாயிற்று, கூப்பிடலாம்.

கோப்பைப் பந்தயம் நாலரைக்கே முடிந்தது. ‘பொறுமை’ நிற்கவில்லை. ‘நாளைக்கு’ விழவில்லை. இரண்டையும் முந்திக்கொண்டு லிமரிக்கிலிருந்து வந்த ஒரு சாம்பல் குதிரை முழு உடல் நீளத்துக்கு முன்னால் வந்தது. கண் தெரியாதவனுக்கும் தெரியும். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சார்ஜென்ட் அதைத்தான் சொன்னார், சரியாகத்தான் சொன்னார்.

எனக்கு இடப்பக்கம் லினஹான், மார்பில் குட்டி மாலக்கியோடு. வலப்பக்கம் காட்டர் அம்மாள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தத் தொடங்கினார்கள். வண்டி மேல் சார்ஜென்ட் தொப்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்.

நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எக்கிக் கத்தினேன்: “யோவ் டோனகல்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

தொண்டை கட்டிவிட்டது. இருமல் மருந்து பத்து பாட்டில் போயிற்று இன்று. ஒன்று எனக்கு.